கல்லறைக் கலங்களும் தாழியில் இட்ட நெல்லும்

இறந்துபோன ஒருவருக்கு, உயிரோடிருக்கும் நாம் எதைத் தர முடியும்? நாம் தருவது அவரைச் சென்றடைகிறதா? சென்றடையாது என்றால் எதற்காகத் தருகிறோம்? தாயையோ தந்தையையோ இழந்த எவரும் ஒருமுறையேனும் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகள் இவை. சாஸ்திரங்கள் இவற்றைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றன. நம் காலடியில் கிடக்கும் மண்ணும் இவற்றுக்கு ஒரு விடையைத் தன்னுள் வைத்திருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிக் குமுளியைக் கடந்து வடக்கே சென்றால் சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு என்று ஏலத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள் வருகின்றன. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இந்த ஊர்கள் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவை. இம்மாவட்டத்தின் உயர்ந்த மலைப்பகுதிகளில், வீடு கட்டவோ செடி நடவோ நிலத்தைத் தோண்டுபவர்களின் மண்வெட்டி சில சமயம் ஒரு பெரிய மண்தாழியின் விளிம்பில் படுவதுண்டு. மலையாளத்தில் அதை நன்னங்காடி என்பார்கள். தமிழில் அது முதுமக்கள் தாழி. அதனுள் மண் நிரம்பியிருக்கும். மண்ணோடு மண்ணாகச் சிறு கலயங்களும், எலும்புத் துண்டுகளும், சில வேளைகளில் துருவேறிய இரும்புக் கருவியோ கல்மணிகளோ கிடைக்கும். இதே மாவட்டத்தின் மறையூரில், கற்பலகைகளைச் சுவர்களாக நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடியாக வைத்த அறைகள் பாறை மேடுகளில் நிற்கின்றன. முனிவர்கள் தவம் செய்த இடங்கள் என்று நம்பி மக்கள் அவற்றை முனியறைகள் என்று அழைக்கிறார்கள். அவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

இறந்தவரோடு பொருள்களையும் வைத்து அடக்கம் செய்த அந்த மக்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் செய்த செயல் கண்ணெதிரே நிற்கிறது. அது அறியாமையா, அன்பா? இதற்கு விடை காண, அதே செயலை மனிதனால் எட்டக்கூடிய உச்ச அளவுவரை செய்து பார்த்த ஒரு நாட்டை முதலில் காண்போம்.

நாற்பதாயிரம் கற்கலங்கள்

மனிதன் இறந்த பிறகும் அவனது உயிராற்றலுக்கு உணவும் நீரும் உறைவிடமும் தேவை என்று பண்டைய எகிப்தியர்கள் நம்பினார்கள். அந்த ஆற்றலை அவர்கள் 'கா' என்று அழைத்தார்கள். ஆகவே கல்லறை என்பது அவர்களுக்கு ஒரு வீடு. வீட்டில் இருக்க வேண்டிய அனைத்தும் அங்கும் இருந்தாக வேண்டும்.

சுமார் 4,650 ஆண்டுகளுக்கு முன் ஆட்சி செய்த ஜோசர் என்ற மன்னனுக்காகச் சக்காரா என்னுமிடத்தில் படிப் பிரமிடு எழுப்பப்பட்டது. எகிப்தின் முதல் பிரமிடு அதுவே. அதன் அடியில் பாறையைக் குடைந்து அமைத்த சுரங்கப் பாதைகளை 1930-களில் ஆய்வாளர்கள் திறந்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கற்கலங்களைக் கண்டார்கள். அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 40,000. கிண்ணங்கள், தட்டுகள், குடுவைகள், சாடிகள் எனப் பல வடிவங்கள். பளிங்கு போன்ற வெண்கல், கருங்கல் வகைகள், பலநிறக் கற்கள் எனப் பல வகைகள்.

ஒரு கற்கலத்தைச் செய்வது எளிதான வேலையன்று. எஃகு அறியப்படாத காலம் அது. கல்லின் வெளிப்புறத்தைத் தட்டியும் தேய்த்தும் உருவாக்கிய பிறகு, உட்புறத்தைக் கைத்துளைக் கருவியால் குடைய வேண்டும். கருவியின் நுனியில் சிக்கிமுக்கிக் கல்லைப் பொருத்தி, மணலை இட்டு, கையால் மீண்டும் மீண்டும் சுழற்ற வேண்டும். மணல்தான் கல்லைத் தின்னும். இவ்வாறு குடைந்த சில கலங்களின் சுவர்கள் வியக்கத்தக்க அளவு மெல்லியவை. எத்தனை கைகள், எத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கும்!

கல்லை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மண்கலம் உடையும், மரம் உளுத்துப் போகும், கல் நிலைத்து நிற்கும். நிலையாமையைக் கண்டு அஞ்சிய மனம் நிலையானதைத் தேடிக் கல்லிடம் சென்றது.

இங்கே சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜோசருக்காகச் சேர்த்து வைத்த அந்தக் கலங்களில் பலவற்றின்மீது வெட்டப்பட்டிருக்கும் பெயர்கள், அவனுக்கு முன் ஆண்ட முதல் இரண்டு மரபுகளைச் சேர்ந்த மன்னர்களுடையவை. முன்னோரின் கலங்களைப் பக்தியோடு பாதுகாக்க எண்ணி ஜோசர் அங்கே வைத்தான் என்று சிலர் கருதுகிறார்கள்; அவற்றைத் தனக்கென எடுத்துக்கொண்டான் என்று வேறு சிலர் கருதுகிறார்கள். எதுவாக இருந்தாலும், தன் பெயரைக் கல்லில் பொறித்து வைத்த மன்னனின் கலம் சில தலைமுறைகளுக்குள் வேறொருவனின் சுரங்கத்துக்குப் போய்விட்டது. கல் நிலைத்தது, உடைமை நிலைக்கவில்லை.

பிறகு நடந்ததை வரலாறு விவரமாகவே கூறுகிறது. 1922-ஆம் ஆண்டு ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த இளம் மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. கள்வர்களிடமிருந்து ஏறக்குறைய முழுமையாகத் தப்பிய அரச கல்லறை என்று அது போற்றப்படுகிறது. அதற்குள்ளும் மன்னனை அடக்கம் செய்த சிறிது காலத்திலேயே கள்வர்கள் இருமுறை நுழைந்திருந்தார்கள். கற்சாடிகளில் இருந்த விலையுயர்ந்த நறுமணத் தைலங்களை அவர்கள் வழித்தெடுத்துச் சென்றார்கள். அவர்களுடைய விரல்களின் தடம் சாடியின் உட்புறத்தில் பதிந்து, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே இருந்தது.

இருபதாம் மரபைச் சேர்ந்த ஒன்பதாம் ராம்சேஸ் காலத்து வழக்கு ஆவணம் ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஒரு மன்னனின் கல்லறையைத் துளைத்து, உடலின் மீதிருந்த பொன்னை உரித்தெடுத்து, பெட்டிகளுக்குத் தீவைத்த ஒருவனின் ஒப்புதல் வாக்குமூலம் அது. அவன் தொழிலால் ஒரு கல்தச்சன். கல்லைக் குடையத் தெரிந்த கைதான் கல்லறையையும் குடைந்தது.

நீர்க் கிண்ணத்தில் கண்ட நிழல்

இப்படிப்பட்ட ஏற்பாடுகளைப் பற்றி நம் ரிஷிகள் என்ன நினைத்தார்கள்? சாந்தோக்கிய உபநிஷதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இதற்கு நேரடியான விடை இருக்கிறது.

ஆன்மாவை அறிந்தவன் எல்லா உலகங்களையும் அடைகிறான் என்று கேள்விப்பட்டு, தேவர்களின் சார்பில் இந்திரனும் அசுரர்களின் சார்பில் விரோசனனும் பிரஜாபதியிடம் வருகிறார்கள். 32 ஆண்டுகள் பிரம்மசரியம் காத்து அவருடன் வாழ்கிறார்கள். நீர் நிரம்பிய ஒரு கிண்ணத்தில் தங்களைப் பார்க்கும்படி பிரஜாபதி கூறுகிறார். பிறகு நன்றாக உடுத்தி அணிகலன்கள் பூண்டு மீண்டும் பார்க்கச் சொல்கிறார். அணி செய்த உடலின் பிம்பம் நீரில் தெரிகிறது. இருவரும் மனநிறைவோடு புறப்படுகிறார்கள்.

விரோசனன் நேரே சென்று, 'உடலே ஆன்மா. உடலைப் போற்றுவதே இரு உலகங்களையும் பெறும் வழி' என்று அசுரர்களுக்குப் போதிக்கிறான். இந்திரனுக்கோ பாதி வழியில் ஐயம் எழுகிறது: உடல் குருடானால் பிம்பமும் குருடாகுமே, உடல் அழிந்தால் அதுவும் அழியுமே, இதில் என்ன நன்மை இருக்கிறது? அவன் திரும்பி வருகிறான். மொத்தம் 101 ஆண்டுகள் காத்திருந்து உண்மையை அறிகிறான்.

விரோசனனின் கதையை முடிக்கும்போது உபநிஷதம் இரண்டு செய்திகளைச் சேர்த்துக் கூறுகிறது. கொடுக்காதவனையும், சிரத்தை இல்லாதவனையும், வேள்வி செய்யாதவனையும் உலகம் அசுரன் என்றே அழைக்கிறது என்பது முதலாவது. இத்தகையவர்கள் இறந்தவனின் உடலை உணவாலும் உடையாலும் அணிகளாலும் அலங்கரித்து, அதனால் மறுவுலகை வென்றுவிடலாம் என்று நினைக்கிறார்கள் என்பது இரண்டாவது.

இந்த இரண்டையும் உபநிஷதம் அருகருகே வைத்திருப்பதை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. வாழும்போது கொடாதவன்தான் இறந்த பிறகும் பொருளைப் பிடித்துக்கொள்ள விரும்புகிறான். உணவையும் உடையையும் வைப்பது இங்கே வெறும் அடையாளம். நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 'நான் இந்த உடல். இந்தப் பொருள்கள் எனக்கு' என்ற பிடிப்பே அந்த நோய். அது மாடமாளிகையில் இருந்தாலும் பாறைச் சுரங்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான்.

அப்படியானால் நம் மலைகளில் தாழிகளைப் புதைத்தவர்களும் விரோசனனின் சீடர்கள்தானா? அவர்களும் இறந்தவரின் அருகில் உணவையும் அணிகளையும் வைத்தார்களே?

தாழியும் நெல்லும்

பழந்தமிழகத்தில் இறந்தவரை வழியனுப்பும் முறைகள் பலவாக இருந்தன. எரிப்பவர்கள், வெறுமனே இட்டுச் செல்பவர்கள், குழி தோண்டிப் புதைப்பவர்கள், தாழ்ந்த அறையில் வைத்து அடைப்பவர்கள், தாழியால் கவிப்பவர்கள் என ஐவகையினரை மணிமேகலை குறிப்பிடுகிறது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும், 2004-இல் மீண்டும் இந்தியத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்து, தாழிகளையும் இரும்பு, வெண்கலப் பொருள்களையும் வெளிக்கொணர்ந்தார்கள். ரீ கண்டெடுத்தவற்றில் பொன்னாலான நெற்றிப் பட்டங்களும் உண்டு. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் ஒரே கல்லறையில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன.

பழனிக்கு அருகில், மலையடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆண்டுகளில் அங்கே அகழாய்வு நடந்தது. ஒரு கல்லறையில், நான்கு கால்கள் கொண்ட சாடி ஒன்றுக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. அந்த நெல்லை ஆய்வு செய்ததில் அதன் காலம் பொது ஆண்டுக்கு முன் 490 என்று தெரியவந்தது. தாமிரபரணிப் பகுதியைச் சேர்ந்த சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் பொது ஆண்டுக்கு முன் 1155 என 2021-இல் அறிவிக்கப்பட்டது.

இரண்டு கிலோ நெல் என்பது ஒரு சிறு குடும்பத்தின் சில வேளை உணவு. அதை வைத்தவர்களின் மனத்தில் என்ன ஓடியது என்பதை நெல்மணிகள் சொல்லப் போவதில்லை. ஆனால் செயல் சொல்கிறது. அந்த நெல்லை இறந்தவர் தனக்கெனச் சேர்த்து வைத்துக்கொண்டு போகவில்லை. உயிரோடிருந்தவர்கள், தாங்கள் உண்ணக்கூடியதை அளந்து எடுத்து, திரும்பப் பெற முடியாத இடத்தில் வைத்தார்கள். பசியை அறிந்தவர்கள் செய்த காரியம் அது.

புறநானூற்றில், கணவனை இழந்த பெண் ஒருத்தி தாழி வனையும் குயவரிடம் பேசும் பாடல் ஒன்று இருக்கிறது. தாழியைத் தானும் உள்ளே அடங்கும் அளவுக்கு அகலமாக வனைந்து தரும்படி அவள் கேட்கிறாள். பொன்னையும் மணியையும் பற்றி அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுவுலகில் கணவனுக்கு என்னென்ன தேவைப்படும் என்ற கணக்கு அவளிடம் இல்லை. பிரிவைத் தாங்க முடியாத நெஞ்சம் மட்டுமே இருக்கிறது.

எகிப்தியர்கள் பேராசை கொண்டவர்கள், நம் முன்னோர் அன்பு மிக்கவர்கள் என்று இதிலிருந்து முடிவு செய்தால் தவறாகும். ஆதிச்சநல்லூரின் பொன் பட்டங்களில் செல்வச் செருக்கு இருந்திருக்கலாம். துட்டன்காமனின் கல்லறையிலும் ஒரு சிறு பூமாலை இருந்தது. பொன் பூசிய சவப்பெட்டியின் நெற்றியில் இருந்த அரச சின்னத்தின்மீது யாரோ அதைச் சூட்டியிருந்தார்கள். அத்தனை பொன்னுக்கு நடுவிலும் அந்த வாடிய மலர்களே தம் நெஞ்சைத் தொட்டதாகக் கார்ட்டர் எழுதினார். இளம் மனைவி வைத்ததாக இருக்கலாம் என்று அவர் எண்ணினார். யார் வைத்திருந்தாலும் அது மன்னன் தனக்கெனச் சேமித்த பொருளன்று. ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்தது.

ஆகவே பிரிக்கும் கோடு இரண்டு நாடுகளுக்கு இடையில் செல்லவில்லை. ஒவ்வொரு கல்லறைக்குள்ளும், ஒவ்வொரு மனத்துக்குள்ளும் செல்கிறது. தனக்கெனச் சேர்த்தது ஒருபுறம்; பிறருக்கெனத் துறந்தது மறுபுறம். விரோசனனின் கொள்கை முதலாவதைச் சேர்ந்தது. தாழியில் இட்ட நெல் இரண்டாவதைச் சேர்ந்தது.

இறந்தவர் கேட்பது

'இருந்தாலும் அந்த நெல் வீண்தானே? பசித்த ஒருவருக்குக் கொடுத்திருந்தால் ஓர் உயிராவது வாழ்ந்திருக்குமே' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேதாந்தத்தின் நோக்கிலும் ஆன்மாவுக்குப் பசியில்லை, தாகமில்லை. உடலோ மண்ணாகிறது. எனவே வைத்த நெல் யாருக்கும் உணவாகவில்லை என்பது உண்மை.

எகிப்தியர்களே இந்த உண்மையை அனுபவத்தில் உணர்ந்தார்கள். கல்லறைகளில் நாள்தோறும் படையல் வைப்பதற்காக அவர்கள் நிலங்களை எழுதி வைத்தார்கள். அதற்கென்று பூசாரிகளை நியமித்தார்கள். காலப்போக்கில் அந்த ஏற்பாடுகள் நின்றுபோயின. அதனால்தான் பல கல்லறைச் சுவர்களில் உயிரோடிருப்பவர்களை நோக்கிய வேண்டுகோள் ஒன்று எழுதப்பட்டது. அவ்வழியே செல்பவர்கள் நின்று, தமக்காகப் படையல் மொழிகளை வாயால் சொல்ல வேண்டும் என்று இறந்தவர் கேட்கிறார். அதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை, வாயின் மூச்சு மட்டுமே போதும் என்றும் சில இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. எத்தனையோ கலங்களைச் சேர்த்து வைத்த நாகரிகம், கடைசியில் முன்பின் அறியாத வழிப்போக்கனிடம் ஒரு சொல்லை யாசித்து நின்றது!

நம் மரபு இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. மனிதன் கடன்களோடு பிறக்கிறான், அவற்றில் ஒன்று பிதிர்க் கடன் என்று வேதம் கூறுகிறது. அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு விதிக்கப்பட்ட பொருள்கள் எள்ளும் நீரும். மிக ஏழையாலும் இயலக்கூடியவை அவை. சிராத்தம் என்ற சொல்லே சிரத்தை என்பதிலிருந்து வந்தது. அன்று இறந்தவரின் பெயரால் உயிரோடிருப்பவர்களுக்கு உணவளிக்கிறோம். பசித்தவருக்குக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்விக்கான விடை இந்த வழக்கத்திலேயே அமைந்திருக்கிறது. இறந்தவரிடம் நாம் கொண்ட அன்பு, வாழ்பவரின் வயிற்றை நிறைக்கும் செயலாக மாறுகிறது.

அப்படியானால் சிராத்தத்தால் பயன் அடைபவர் யார்? பித்ருக்கள் திருப்தி அடைகிறார்கள் என்று சாஸ்திரம் கூறுகிறது. அதோடு, கொடுப்பவனின் மனமும் தூய்மை அடைகிறது. எந்தக் கைம்மாறும் எதிர்பார்க்க முடியாத ஒருவருக்குக் கொடுக்கும்போதுதான் கொடுப்பது முழுமையாகிறது. இறந்தவர் நன்றி சொல்ல மாட்டார், பாராட்ட மாட்டார், திருப்பித் தர மாட்டார். பலனை எதிர்பாராத செயலுக்கு இதைவிட எளிய பயிற்சி இல்லறத்தாருக்கு வேறு ஏது?

ஆனால் இந்த மண்ணிலேயே ஓர் எச்சரிக்கையும் புதைந்திருக்கிறது. முதுமக்கள் தாழியைப் பற்றி நம் கிராமங்களில் ஒரு கதை சொல்வார்கள். முற்காலத்தில் முதியவர்கள் சாகாமல் உடல் குறுகி வாழ்ந்தார்களாம். அவர்களைப் பராமரிக்க முடியாத பிள்ளைகள், ஒரு தாழியில் அமர்த்தி, சிறிது உணவும் ஒரு விளக்கும் வைத்து மண்ணில் இறக்கிவிட்டார்களாம். அகழாய்வுகள் இதை உறுதி செய்யவில்லை. பல தாழிகளில் இருப்பவை, இறப்புக்குப் பிறகு சேகரித்து வைத்த எலும்புகளே. இருந்தும் இந்தக் கதை ஏன் இத்தனை தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது? பெற்றோரை உயிரோடு ஒதுக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உணவையும் விளக்கையும் வைத்துக் கடமை முடிந்ததாக எண்ணக்கூடியவன்தான் மனிதன் என்பது மக்களின் மனசாட்சிக்குத் தெரிந்திருக்கிறது. மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டு, வருடத்துக்கு ஒருமுறைகூட எதிரில் அமர்ந்து பேசாத பிள்ளை அந்தக் கதையைத் தன் கதையாகவே கேட்கலாம். அவன் பின்னாளில் எவ்வளவு ஆடம்பரமாகக் கருமாதி நடத்தினாலும், அது கற்கலங்களை அடுக்குவதற்கு ஒப்பானதே. எகிப்தின் இறந்தவர்கள் கேட்ட அந்த 'வாயின் மூச்சு', நம் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே நம்மிடம் கேட்பதும் அல்லவா?

யாருமில்லாதவர்களின் உறவினர்

சக்குபள்ளத்தின் மலைகளுக்கு மீண்டும் வருவோம். ஏலத் தோட்டத்தில் மண்வெட்டி ஒரு தாழியில் பட்டால், தோண்டியவர் என்ன செய்ய வேண்டும்? உள்ளே பொன் இருக்கலாம் என்று உடைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. வேலை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் சத்தமின்றிச் சிதைத்து மூடுபவர்களும் உண்டு. உடைத்துப் பார்ப்பவர், தைலச் சாடியில் விரலை விட்ட கள்வனின் வழியில் நடக்கிறார். சிதைப்பவரோ, ஒரு காலத்தில் யாரோ கண்ணீரோடு செய்த தானத்தை இல்லாமல் ஆக்குகிறார்.

'அவர்கள் யாரோ, என் குலமோ, என் மொழியோ, என் மதமோ தெரியாது' என்று சொல்லலாம். நம் தர்ப்பண முறையில் இதற்கு இடமில்லை. தம் முன்னோருக்கு நீர் வார்த்த பிறகு, தாயோ தந்தையோ உறவினரோ நண்பரோ இல்லாதவர்கள் அனைவரும் திருப்தி அடையட்டும் என்று கூறி இறுதியாக ஒருமுறை நீர் விடுகிறோம். அந்த ஒரு கை நீரில், பெயர் அழிந்துபோன அனைவரும் நமக்கு உறவினராகிறார்கள். தாழியில் உறங்குபவரும் அவர்களுள் ஒருவர். அவர் நம்பியதை நாம் நம்ப வேண்டியதில்லை. அவருக்காக ஒருவர் துறந்ததை நாம் கவர்ந்துகொள்ளாமல் இருந்தால் போதும். வேலையை நிறுத்தி, தாழியைச் சிதைக்காமல், ஊர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பது சட்டத்தின் தேவை மட்டுமன்று. அதுவும் ஒருவகைத் தர்ப்பணமே. அறிந்தவர்கள் முறையாகத் திறந்து படிக்கும்போது, பொருந்தலின் நெல்லைப் போல, ஒரு பழைய அன்பு மீண்டும் உலகுக்குத் தெரியவருகிறது.

நாம் போகும்போது எதையும் கொண்டு செல்லப் போவதில்லை. இதை எகிப்தின் மன்னர்கள் பெரும் செலவில் நிரூபித்துவிட்டார்கள். நாம் மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் நெல்லை இன்றே அளந்து கொடுப்போம். வாயில் இருக்கும் மூச்சை, அதற்காகக் காத்திருக்கும் முதியவர்களிடம் இன்றே அன்பான சொல்லாகச் செலவிடுவோம்.